கார் இல்லாமல் காலிக்குப் போன ஞாயிறு

காலி ஸ்டேஷனில் ரயில் நின்றதும் அப்பாதான் முதல் ஆளாக இறங்கினார். இறங்கியவர் பெட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, முதுகை லேசாக வளைத்து, ஓரமாக நின்றார். அம்மா இறங்கினாள். நான் இறங்கினேன். எங்களுக்குப் பின்னால் ஒரு கைக்குழந்தைக்காரி, இரண்டு பிக்குமார், பலாப்பழம் தூக்கிய ஒருவர் என்று பெட்டியில் இருந்த சனம் முழுவதும் இறங்கி முடியும்வரை அப்பா கதவை விடவில்லை. கடைசியாக வந்த பெரியவர் அப்பாவின் கையில் பத்துச் சதக் காசு ஒன்றை வைத்துவிட்டு நடந்தார்.

அப்பா அந்தக் காசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஸ்டேஷனுக்கு வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. எதிரே பஸ் நிலையம், அதற்கு அப்பால் பெரிய புல்வெளி, புல்வெளியின் அந்தக் கரையில் கருத்த கோட்டை மதில். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "சரி, எந்தப் பக்கம்ங்க?" என்றாள்.

அப்பா மறுபடியும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். அதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கார் யாருடையது?

நாங்கள் அப்போது குடியிருந்த கொட்டாஞ்சேனைச் சந்தின் குழாயடிச் சண்டையைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "உங்கள் அப்பா கார் ஓட்டியவர் என்கிறீர்களே, அப்படியென்றால் சின்ன வயதிலேயே நாடு முழுக்கச் சுற்றியிருப்பீர்கள்" என்று கேட்டிருக்கிறார். நல்ல மனசுக்காரி. கார் ஓட்டியது அப்பா, கார் முதலாளியுடையது. இது இரண்டும் ஒன்றில்லை என்பது டிரைவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பால்குடி மறக்கும் முன்னே தெரிந்துவிடும்.

அந்தக் காரில் நான் ஏறியது மொத்தம் இரண்டு தடவை. ஒன்று, எனக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது. அப்போது எனக்கு நினைவில்லை. மற்றது, முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் பூத்தட்டுகளைக் கொண்டுபோனபோது. பூ கசங்கக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் ஜன்னலுக்கு வெளியே எதையும் பார்க்கவில்லை.

முதலாளிக்குப் புறக்கோட்டையில் புடவைக் கடை. அவருடைய அப்பா காலத்திலேயே இந்தியாவிலிருந்து வந்த குடும்பம். எங்கள் அப்பா ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் லொறியில் உதவியாளாக நின்று ஓட்டப் பழகி, கொழும்புக்கு வந்து அவர்களிடம் சேர்ந்தவர். முதலாளியின் மூத்த மகளைக் காலியில், கோட்டைக்குள்ளேயே, கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நீளமான கறுப்புக் கார் காலிக்குப் போகும். முதலாளி, முதலாளியம்மா, அவர்களுடைய கடைக்குட்டி மகன். அவனுக்கு அப்போது ஆறு வயது. ஆறு வயதானாலும் அப்பாவுக்கு அவர் 'சின்னவர்'தான்.

அந்த ஞாயிறுகளில் அம்மா விடியுமுன் எழுந்து சோறு சமைப்பாள். வாழையிலையை வாட்டி, பருப்பும் சம்பலும் பொரித்த மீனும் வைத்துக் கட்டி, பத்திரிகைத் தாளில் சுற்றி அப்பாவின் கையில் கொடுப்பாள். அன்று மாலை அப்பா திரும்பி வந்து, முகம் கழுவி உட்கார்ந்ததும் காலிக் கதை தொடங்கும்.

கோட்டை மதில் எவ்வளவு அகலம் தெரியுமா, மேலே ஏறினால் கார் ஒன்று ஓட்டலாம். அங்கிருந்து கடல் மூன்று நிறத்தில் தெரியும். கல் ஒன்றின் மேல் நின்று ஒருவன் அப்படியே கடலுக்குள் குதித்தான், செத்தான் என்று நினைத்தோம், சிரித்துக்கொண்டு ஏறி வருகிறான். வெளிச்ச வீடு வெள்ளையாக இருக்கும். மதில் ஓரத்தில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும்.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் கேட்பாள். கொழும்புக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் குழாயடி, சந்தை, சிவன் கோயில், செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைத் தேவாலய வரிசை. விலை கேட்கும் அளவுக்குச் சிங்களம். அவ்வளவுதான். காலிக் கதையை மட்டும் மாதம் தவறாமல் கேட்டாள். ஒரே கதையை இரண்டாம் தடவை சொன்னால் விட்டுப்போன இடத்தை அவளே எடுத்துக் கொடுப்பாள்.

கிடைத்த ஞாயிற்றுக்கிழமை

சின்னவர் வளர்ந்து, பெரிய ஆளாகி, காரை அவரே ஓட்டப் பழகினார். ஒரு மாத முடிவில் முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு, இனிமேல் கடையில் சாமான் வரவு பார்க்கச் சொன்னார். சம்பளத்தில் குறை வைக்கவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். அப்பாவும் சாவியை மரியாதையாகத்தான் கொடுத்தார். ஆனால் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கடை வேலையில் ஒரு புதுமை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு. இருபது வருஷத்துக்கு மேல் அப்பா ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்ததே இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் காலையில் எழுந்து எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தார். அடுத்த வீட்டுக் கண்ணாடியையும் துடைத்தார்.

மூன்றாவது ஞாயிறு அம்மா சொன்னாள். "நம்ம காலிக்கு ஒருக்கா போவோம்."

"காலிக்கா? கார் இல்லாம எப்படிப் போறது?"

அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. காலி என்பது அவருக்குக் காரில் போகிற ஊர்.

"ரயில் கோச்சியில சனம் போகுதுதானே. நான் ஒண்ணும் கேக்கலங்க. நீங்க சொன்ன அந்த மதில்ல ஒருக்கா ஏறி நின்னு பார்க்கணும். அவ்வளவுதான்."

அம்மா எதையும் கேட்கிறவள் இல்லை. கேட்டதில்லை என்பதாலேயே அந்த ஒன்றை மறுக்க முடியாது. அடுத்த ஞாயிறு என்று முடிவானது.

அன்று மாலை, நான் தண்ணீர் பிடிக்கப் போன இடத்துக்கு அப்பா பின்னாலேயே வந்தார். நான் அப்போது புறக்கோட்டையில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஒப்பரேட்டர். நாள் முழுக்க மற்றவர்களின் ரகசியங்களைக் காதில் வாங்கி, வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் என் வேலை. அதை நினைத்துத்தான் என்னிடம் வந்தாரோ என்னவோ.

"மகள், நான் அந்த மதில்ல ஏறினதே இல்ல."

வாளி நிரம்பி வழிந்தது. நான் குழாயை மூடவில்லை.

"கோட்டைக்குள்ள போயிருக்கேன். கார் நிப்பாட்டுற இடம் வரைக்கும்தான். இறங்கிப் போனதில்ல. எந்தப் பக்கத்தால ஏறுறதுன்னுகூடத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிய வேணாம். நீ சிங்களத்தில யாருகிட்டயாவது மெல்லக் கேட்டு முன்னால நட. நான் பின்னால வாறேன்."

"அப்ப அந்தக் கதை எல்லாம்?"

அப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் அது நின்றுபோனது. இருபது வருஷமாக ஒருத்தி ஆசையாகக் கேட்ட கதை. அது பொய் என்று தெரிந்தால் இனி அவர் சொல்வதில் எதை அவள் நம்புவாள்? அப்பாவுக்கு அந்தப் பயம். எனக்கும் அதே பயம் தொற்றிக்கொண்டது.

களுத்துறைப் பாலம்

ரயிலில் அம்மாவுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. வெள்ளவத்தை வரும்போது கடல் தண்டவாளத்தைத் தொடுகிற மாதிரிக் கிட்டத்தில் வந்தது. உப்புத் துளி ஜன்னலுக்குள் தெறித்தது. அம்மா முகத்தைத் துடைக்கவே இல்லை.

இப்போது நான் அதே வெள்ளவத்தையில், அதே தண்டவாளத்துக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறேன். ரயில் போகும்போது எங்கள் வீட்டுக் கோப்பைகள் கிலுகிலுக்கும். மருமகளுக்கு அந்தச் சத்தம் தலைவலி. நான் அதைப் பற்றிக் குறை சொல்வதில்லை.

"காலி வீதியில எத்தனை ஆயிரம் தரம் போயிருப்பேன்" என்றார் அப்பா. "ஒவ்வொரு சந்து, ஒழுங்கை தாண்டும்போதும் கடல் ஒரு துண்டு தெரியும். அடுத்த துண்டுக்குள்ள பஸ்காரன் குறுக்க வந்திடுவான். முழுசா இப்பத்தான் பார்க்கிறேன்."

சொல்லிவிட்டுத் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அம்மா கவனிக்கவில்லை. அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரத்மலானை தாண்டியது, பாணந்துறை தாண்டியது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ரயில் வேகம் குறையும்போது அப்பாவின் வலது கால் தரையை அமுக்கியது.

களுத்துறைப் பாலம் வந்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த ஆற்றுப் பாலத்தடியில் ஒரு போதி மரம் உண்டு. தெற்கே வண்டி ஓட்டிப் போகிற எந்த டிரைவரும், அவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவன் என்றாலும், அங்கே நிறுத்தி உண்டியலில் ஒரு காசு போட்டுக் கும்பிட்டுத்தான் மேலே போவான். அப்பா ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இன்று ரயில் நிற்காமல் போகிறது. அவர் கையில் காசை வைத்துக்கொண்டு ஜன்னலையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க உக்காருங்க" என்றாள் அம்மா. "அதை ஓட்டுறவன் பார்த்துக்குவான்."

அப்பா உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. சாவியைக் கொடுத்த அன்றுகூட அவர் அப்படி இருக்கவில்லை.

நிழல் தெரிந்த மனிதர்

இப்போது காலி ஸ்டேஷன் வாசலுக்கு வருகிறேன். எந்தப் பக்கம் என்று அம்மா கேட்டாள் அல்லவா? நான் ஒரு பஸ் கொண்டக்டரிடம் போய், நேரம் கேட்பதுபோல் வழி கேட்டேன். திரும்பி வந்து, "நேரே போகலாம்" என்றேன். அப்பா, "நேரேதான்" என்றார், ஏதோ அவரே சொன்ன மாதிரி.

காரில் போகிறவர்களுக்கு அந்த ஊர் சின்னது. நடக்கிறவர்களுக்கு அவ்வளவு சின்னதில்லை. புல்வெளியைச் சுற்றி வருவதற்குள் அம்மாவின் செருப்பு வார் ஒருமுறை கழன்றது. தாகம் வேறு. ஆனால் அவள் நடந்த நடை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சந்தைக்குப் போகிற வேகம் அதில் இல்லை. ஒவ்வொரு வீட்டையும், ஒவ்வொரு மரக்கதவையும் நின்று பார்த்தாள். அவசரப்படுத்த யாரும் இல்லை.

கோட்டை வாசலுக்குள் நுழைந்ததும் அப்பாவுக்குத் தைரியம் வந்தது. இது அவருக்குத் தெரிந்த பாதை. எங்களை விறுவிறுவென்று நடத்திக்கொண்டுபோய், நீதிமன்றத்துக்கு முன்னால் இருக்கிற சதுக்கத்தில், பெரிய மரம் ஒன்றின் கீழ் நிறுத்தினார்.

"இங்க இருங்க. இந்த நிழல் பதினொரு மணி வரைக்கும் இருக்கும். பிறகு அந்தா அந்த மரத்துக்குப் போகணும். ரெண்டு மணிக்கு மேல அந்தச் சுவர் ஓரம்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. மதிலைப் பார்க்க வந்தவளுக்கு மனிதர் நிழலின் நேரத்தைச் சொல்கிறார். அம்மா அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

நான் வழி விசாரிக்கலாம் என்று திரும்பினேன். அதற்குள் மரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"டிரைவர் மஹத்தயா, கார் எக கோ?"

நான் சொன்ன பொய்

அன்னாசியும் மாங்காயும் வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கிற ஒரு சிங்களப் பெண். அம்மாவின் வயதுதான் இருக்கும். டிரைவர் ஐயா, கார் எங்கே என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. அம்மாவையும் என்னையும் பார்த்ததும் அவளுக்குப் பேச்சு நிற்கவில்லை.

இத்தனை வருஷமாக இந்த மனிதரைப் பார்க்கிறாளாம். ஒரு நாளாவது காரை விட்டு அசைந்ததில்லையாம். போய்க் கடலைப் பார்த்துவிட்டு வாருங்கள், காரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாளாம். மாட்டாராம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவாராம். பிறகு கண்ணாடி துடைப்பாராம். இன்றைக்குத்தான் அவர் நாலு எட்டு நடந்து பார்க்கிறேன் என்று சொல்லிச் சிரித்தாள்.

அவள் மனசில் ஒரு சூதும் இல்லை. பழகியவரைக் கண்ட சந்தோஷம்தான்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "என்ன சொல்லுது?"

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதிருப்பேன். டெலிபோன் பலகையில் கம்பி மாற்றிக் கொடுக்கிற பழக்கத்தில் வாய் தானாகப் பேசியது.

"அப்பா காரை நிப்பாட்டிட்டு எப்பவும் மதில் பக்கம் நடந்து போவாராம். அவ காரைப் பார்த்துக்குவாளாம். நல்ல பழக்கமாம்."

அம்மா தலையாட்டினாள். அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன்.

"அவ அப்படிச் சொல்லல" என்றார் அப்பா.

அம்மாவின் பக்கம் திரும்பினார். "மகள் எனக்காகப் பொய் சொல்லுது. நான் காரை விட்டு நகர்ந்ததே இல்ல பாக்கியம். மதிலும் பார்க்கல, கடலும் பார்க்கல. ஒரு நாளும்."

அன்னாசிக்காரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஏதோ பிசகிவிட்டது என்று புரிந்துகொண்டு தன் கூடைக்குத் திரும்பிப் போனாள்.

அம்மா மரத்து வேரில் உட்கார்ந்தாள். கையிலிருந்த சோற்றுப் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "சோறு?"

"இங்கதான். காருக்குப் பக்கத்தில."

"இந்த வெயில்லயா?"

"நிழல்லதான். நிழல் நகர நகரக் காரையும் நகர்த்துவேன். அவங்க எந்த நேரம் வருவாங்கன்னு சொல்ல ஏலாதுதானே. வேலைக்குச் சேர்ந்த புதுசில ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்தா முதலாளி வெயில்ல நிக்கிறாரு. ஏசல. மணிக்கூட்டைப் பார்த்தாரு, அவ்வளவுதான். அதுக்குப் பிறகு நான் எங்கயும் போகல."

"அப்ப நீங்க சொன்னதெல்லாம்?"

"திரும்பி வாற வழியில அவங்க பின்னால இருந்து கதைச்சது. சின்னவர்தான் நிறையக் கதைப்பாரு. நான் திரும்பிப் பார்க்க ஏலாது. ரோட்டைப் பார்த்துக்கிட்டே கேட்டுக்கிட்டு வருவேன்." அப்பா நிறுத்தினார். "நீ வீட்டில அடைஞ்சு கிடக்கிற. வெறும் வாயோட வந்து நிக்க மனசு வரல."

நான் பயந்தது அம்மாவின் கோபத்துக்கு. கோபம் வந்தது. ஆனால் நான் நினைத்த இடத்திலிருந்து வரவில்லை.

"நான் உங்க மேல பொறாமைப்பட்டுக்கிட்டு இருந்தேங்க" என்றாள். "இருபது வருஷமா. இவரு மட்டும் போய் எல்லாம் பார்த்திட்டு வாறாரேன்னு. விடிய எழும்பிச் சோறு கட்டும்போது எனக்கு வயிறு எரியும். சில நாள் அந்த எரிச்சல்ல பொரிச்ச மீனை வைக்காம விட்டிருக்கேன். வேணும்னேதான்."

"தெரியும்" என்றார் அப்பா.

"தெரியுமா?"

"பார்சல் கையில எடுத்தா லேசா இருக்கும்."

அம்மா முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள் என்று தெரிந்தது. பிறகு பார்த்தால் இரண்டும்தான். அப்பா என்ன செய்வது என்று தெரியாமல் அவள் பக்கத்தில், அந்த வேரிலேயே உட்கார்ந்தார். நான் போய் அன்னாசி வாங்கினேன். அந்தப் பெண் காசு வாங்க மறுத்துவிட்டாள்.

மதில் மேலே

வழி கேட்க இனி ஒளிக்க வேண்டியதில்லை. அப்பாவே ஒரு பொலிஸ்காரரிடம் போய், டிரைவர் தொப்பி இல்லாத தலையைத் தொட்டுக்கொண்டு கேட்டார். அந்த மரத்தடியிலிருந்து ஐந்து நிமிஷ நடை. இருபது வருஷமாக ஐந்து நிமிஷ தூரத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார் மனிதர். எனக்கு யார் மேல் என்று தெரியாமல் ஆத்திரம் வந்தது. இப்போதும் அதை நினைத்தால் வருகிறது.

புல் மூடிய சரிவில் ஏறினோம். அப்பா பாதியில் நின்று திரும்பிப் பார்த்தார். காரைத் தேடினார் என்று நினைக்கிறேன். அம்மா அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள். என் முன்னால் அவர்கள் ஒருவரை ஒருவர் தொட்டு நான் பார்த்தது அபூர்வம்.

மேலே காற்று. கடல். வெள்ளை வெளிச்ச வீடு. கீழே பாறைகளில் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நிறத்தை எண்ணினேன். உண்மையிலேயே மூன்றுதான்.

அப்பா வெளிச்ச வீடுவரை ஒருமுறை கண்ணை ஓட்டினார். பிறகு பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரிக் கேட்டார். "நான் சொன்ன மாதிரி இருக்கா?"

அம்மா மதிலின் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தாள். "கடல் சரி. காத்துச் சரி. மதில்தான், நீங்க சொன்னப்ப இதைவிட அகலமா இருந்திச்சு."

"அது சின்னவர் சொன்னது" என்றார் அப்பா. "அப்ப அவருக்கு ஆறு வயசு."

அங்கேயே புல்லில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த சோற்றைப் பிரித்தோம். மூன்று பார்சலிலும் மீன் இருந்தது. அப்பா கடலைப் பார்த்தபடி சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து போகவில்லை, எதையும் துடைக்கவில்லை. இலையை மடித்து வைத்துவிட்டு அப்படியே இருந்தார். முதலாளி வீட்டுக் கதையில் வராத ஒன்றை அம்மாதான் கண்டுபிடித்தாள். மதில் கல்லின் வெடிப்பில் ஊதாப் பூப் பூத்த ஒரு சின்னச் செடி. "இதை அவங்க சொல்லலயே" என்றாள். அப்பா குனிந்து, மிகக் கவனமாக, அதைப் பார்த்தார்.

திரும்பும் வழி

பின்னேர ரயிலில் கூட்டம். இரண்டு இருக்கைதான் கிடைத்தது. நான் நின்றுகொண்டேன். அப்பா நான் நிற்கிறேன் என்று எழுந்தார். அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

ஹிக்கடுவை வரை அவர் நேராக உட்கார்ந்திருந்தார். அம்பலாங்கொடையில் கண் சொருகியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலை மெல்லச் சாய்ந்து அம்மாவின் தோளில் விழுந்தது. ஓடுகிற வண்டியில் அப்பா தூங்கி நான் பார்த்ததில்லை. யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். லொறியிலும் காரிலும் எத்தனை பேரை ஏற்றி இறக்கியிருப்பார். அத்தனை பேரும் பின்னால் தூங்கியிருப்பார்கள். அவர் தூங்கினால் அவர்கள் யாரும் வீடு சேர முடியாது.

வாய் லேசாகத் திறந்திருந்தது. களைத்த ஒரு சாதாரண மனிதரின் முகம். அவர் இவ்வளவு களைத்திருந்தார் என்பது எனக்கு அதுவரை தெரியவில்லை. மகள் என்று இருந்து என்ன பிரயோசனம்.

அம்மா அசையவில்லை. கடல் இப்போது அந்தப் பக்கத்து ஜன்னலில் இருந்தது. கழுத்தைத் திருப்பினால் அவர் விழித்துவிடுவார் என்று அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. களுத்துறைப் பாலம் தடதடத்தது. அவர் விழிக்கவில்லை. வெள்ளவத்தையில் சனம் முண்டியடித்து இறங்கியது. அப்போதும் விழிக்கவில்லை. நான் எழுப்பட்டுமா என்று சைகையால் கேட்டேன். அம்மா கண்ணாலேயே என்னை அடக்கினாள்.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஒரு குலுக்கலோடு நின்றது. அப்பா திடுக்கிட்டு எழுந்தார். கைகள் இரண்டும் முன்னால் எதையோ தேடின.

"நான் தூங்கிட்டேனா?"

"ஆமா."

"எவ்வளவு நேரம்?"

"அம்பலாங்கொடையிலேருந்து."

அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. பெரிய தப்புச் செய்துவிட்டவர் போல என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் அம்மாவைப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகலங்க" என்றாள் அம்மா, மரத்துப்போன தோளை நீவிக்கொண்டே. "எல்லாரும் பத்திரமா வந்து சேர்ந்தாச்சு."